கதவைத் தட்டுவது எந்தக் கருவி?

கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி அவென்யூ 3 பக்கம் நடந்திருப்பீர்கள். 1970களில் எழுந்த பேட்டை அது. காலை வேளையில் சந்தைக்குப் போய்வருவோரில் மூத்தோரே அதிகம் கண்ணில் படுவர். அங்குள்ள வீவக வீடு ஒன்றில் உங்கள் அம்மா தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குடியிருப்பது பொங்கோலில். ரயிலில் போனால் ஒரு மணி நேரம் ஆகலாம்.

அம்மாவின் வாசற்கதவில் தீப்பெட்டி அளவில் ஓர் உணர்கருவியைப் பொருத்துகிறீர்கள். கதவு திறந்தால் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரும். கட்டிலருகே ஓர் அவசரப் பொத்தான். காலை 9 மணி வரை கதவு ஒருமுறையும் திறக்கவில்லை என்றால் எச்சரிக்கை வரும். மனத்துக்கு நிம்மதி.

இப்போது ஒரு கேள்வி. "கதவு திறந்தது" என்று கைப்பேசியில் வந்த செய்தி, அம்மா வீட்டுக் கருவியிலிருந்துதான் வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு கேள்வி. அம்மா எத்தனை மணிக்கு வெளியே போகிறார், எப்போது திரும்புகிறார் என்பதை உங்களைத் தவிர வேறு யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்தக் கருவியில் மட்டும் இல்லை. தொலைவில் ஒரு தரவு நிலையத்தில் ஓடும் மேகக் கணிமைச் சேவையில், அந்தக் கருவி வந்து சேரும் வாசலில் இருக்கிறது. அந்த வாசலில் யாரை விடுவது, விட்டபின் எதுவரை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு கதவுகள்

வீவக வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். உள்ளே மரக்கதவு, வெளியே இரும்புக் கதவு. யாராவது மணி அடித்தால் முதலில் மரக்கதவைத் திறக்கிறீர்கள். இரும்புக் கம்பிகளுக்கு இடையே முகத்தைப் பார்க்கிறீர்கள். "யார் இவர்?" என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. கணினித் துறையில் இதை அடையாள உறுதி என்கிறார்கள்.

ஆள் யார் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இரும்புக் கதவைத் திறப்பதில்லை. பொட்டலம் கொண்டு வந்தவரிடம் கம்பி வழியாகவே வாங்கிக்கொள்கிறீர்கள். குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவரை அந்த அறை வரைக்கும் விடுகிறீர்கள். தங்கை வந்தால் நேராகச் சமையலறைக்குப் போவார். "இவர் எதுவரை வரலாம்?" என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு அனுமதி வழங்கல் என்று பெயர்.

இணையத்தோடு இணைந்த கருவிகளில் நேரும் தவறுகளில் பல, இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை. "சரியான மறைச்சொல் கொடுத்தது, உள்ளே விட்டாயிற்று" என்று வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே வந்த கருவி எந்த அறைக்குப் போகிறது என்று எவரும் பார்ப்பதில்லை.

இரண்டு அக்டோபர்கள்

கதவைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் இரண்டு முறை அக்டோபர் மாதத்தில் பார்த்திருக்கிறது.

2016ஆம் ஆண்டு அக்டோபர் 22, 24 ஆகிய இரு நாள்களில் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் வீட்டு இணையச் சேவை பலருக்குத் தடைபட்டது. இணைய முகவரிகளைத் தேடித் தரும் அதன் கணினிகள்மீது அளவுக்கு மீறிய கோரிக்கைகள் வந்து குவிந்ததே காரணம். அந்தக் கோரிக்கைகள் வந்தது வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த, தீநிரல் தொற்றிய கருவிகளிலிருந்து என்று நிறுவனம் விளக்கியது.

அதற்கு முந்தைய நாள், அக்டோபர் 21ஆம் தேதி, அமெரிக்காவில் டின் என்ற நிறுவனத்தின்மீது நடந்த அதே வகைத் தாக்குதலால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களைப் பலரால் மணிக்கணக்கில் திறக்க முடியவில்லை. அதன் பின்னணியில் இருந்த தீநிரலின் பெயர் மிராய். அது செய்த வேலை மிக எளிது. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், மறைச்சொல் இணைகள் ஏறத்தாழ 60 அதன் கையில் இருந்தன. இணையத்தில் தென்பட்ட ஒவ்வொரு கேமராவிடமும் ரூட்டரிடமும் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. உச்சக்கட்டத்தில் அதன் பிடியில் இருந்த கருவிகள் ஏறத்தாழ 600,000 என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதை எழுதியவர்கள் பெரிய குற்றக் கும்பல் அல்லர். அமெரிக்க இளையர் மூவர். 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி வெளியானது.

இரண்டாவது அக்டோபர் 2020ஆம் ஆண்டில். சிங்கப்பூர் வீடுகளில் பொருத்தியிருந்த கேமராக்களிலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகள் இணையத்தில் பரவுவதாகச் செய்தி வந்தது. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதற்காக வாங்கி வைத்த கேமராக்கள், வீட்டின் அந்தரங்கத்தை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

முதல் நிகழ்வில் கருவிகள் பிறரைத் தாக்கின. இரண்டாவதில் சொந்த வீட்டாரைக் காட்டிக்கொடுத்தன. இரண்டிலும் வாசல் காவல்தான் பலவீனம்.

கருவிகளின் அஞ்சலகம்

அம்மாவின் கதவு உணர்கருவி உங்கள் கைப்பேசியோடு நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் ஓர் அஞ்சலகம் உண்டு. கருவி அங்கே செய்தியைப் போடுகிறது. அந்தச் செய்தி வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்த உங்கள் கைப்பேசிக்கு அஞ்சலகம் அதை அனுப்பி வைக்கிறது.

இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் பயன்படும் மொழிக்கு எம்க்யூடிடி என்று பெயர். 1999ல் ஆர்லன் நிப்பர், ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க் ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். பாலைவனத்தைக் கடந்து செல்லும் எண்ணெய்க் குழாய்களின் அளவீடுகளைத் துணைக்கோளம் வழியாக அனுப்புவதற்காகச் செய்தது. அப்போது துணைக்கோள இணைப்புக்குச் செலவு அதிகம். ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் மிச்சம்பிடிக்கும் சிக்கன மொழியாக அதை அமைத்தனர். அந்தச் சிக்கனம்தான் இன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும் சில்லுகளுக்கும் அது பொருந்தக் காரணம்.

அஞ்சலகத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விலாசம் உண்டு. "கிளமெண்டி / வீடு 12 / கதவு" என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி இந்த விலாசத்தில் போடும். கைப்பேசி இந்த விலாசத்துக்குக் காத்திருக்கும். வேறொருவர் "கிளமெண்டி / வீடு 12 / கதவு" என்ற விலாசத்துக்குக் காத்திருக்க முடிந்தால் அம்மாவின் நடமாட்டம் அவருக்கும் தெரியும். அதே விலாசத்தில் வேறொருவர் செய்தி போட முடிந்தால், அம்மா கீழே விழுந்து கிடக்கும் நாளிலும் "கதவு திறந்தது" என்று உங்களுக்கு வரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அஞ்சலகத்துக்குள் வரும் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கருவிகள் வந்தால், எம்க்யூடிடி விதிப்படி முன்பு வந்தது வெளியேற்றப்படும். அம்மா வீட்டுக் கருவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொன்று நுழைந்தால், உண்மையான கருவி வெளியே நிற்கும். எதையும் உடைக்காமலே எச்சரிக்கையை ஊமையாக்க இது போதும்.

அடையாள அட்டை போதாதா?

மேகக் கணிமை நிறுவனங்கள் இதற்கு ஒரு நல்ல வழியை முன்பே வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மின்னிலக்கச் சான்றிதழ். நம் அடையாள அட்டையைப் போன்றது. கருவிக்குள் ஓர் இரகசியத் திறவுகோல் இருக்கும். அது கருவியை விட்டு வெளியே வராது. அதை வைத்திருப்பதை மட்டும் கணித வழியில் கருவி நிரூபிக்கும். புதிதாகக் கருவி செய்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் இது எளிதாக அமைவதில்லை. ஏற்கெனவே வீடுகளில் பொருத்தப்பட்டுவிட்ட பழைய கருவிகளுக்கு மறைச்சொல் மட்டுமே தெரியும். சான்றிதழைப் பாதுகாப்பாக வைக்க அவற்றில் இடமில்லை. சில நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைச் சொந்தக் கணினியில் பல ஆண்டுகளாக வைத்திருக்கும். இந்த மாதக் கட்டணம் கட்டினாரா, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இணைய உலாவியிலிருந்து ஒருவர் நேராக இணைய வேண்டிய நேரமும் உண்டு.

சான்றிதழுக்கு நீண்ட ஆயுளும் உண்டு. அமேசானின் மேகச் சேவை தானே உருவாக்கித் தரும் கருவிச் சான்றிதழ்கள் 2049ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை செல்லும். ஐந்தாறு ஆண்டுகளில் குப்பைக்குப் போகும் ஒரு கருவிக்கு இது நெடுங்காலம். தேவை முடிந்ததும் அதை முடக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது.

இத்தகைய இடங்களுக்காகத்தான் "உங்கள் வாசலுக்கு நீங்களே காவலாளியை அமர்த்திக்கொள்ளுங்கள்" என்ற வசதி வந்தது. அமேசானின் பொருள்களின் இணையச் சேவையில் இதற்குத் தனிப்பயன் அனுமதி என்று பொருள்படும் பெயர். இலவசமாகக் கிடைக்கும் மொஸ்கிட்டோ போன்ற அஞ்சலக மென்பொருள்களிலும் இதே வேலையைச் செய்யத் துணைநிரல் எழுதலாம். அமேசான் 2010ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் தரவு நிலையத் தொகுதியைத் தொடங்கியது. ஆகவே நாம் பேசும் காவலாளி தீவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம்.

காவலாளியின் வேலை

வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், கருவி பாதுகாப்பான இணைப்பைத் தொடங்குகிறது. இடையில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச்சு முழுவதும் மறைகுறியாக்கப்படுகிறது. இதன்பிறகே தன் அனுமதிச் சீட்டை நீட்டுகிறது. அது மறைச்சொல்லாக இருக்கலாம். நிறுவனம் வழங்கிய ஒரு நீண்ட குறியீடாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, சீட்டில் முத்திரை இருக்கிறதா என்று வாசலிலேயே ஒரு சோதனை. சீட்டை வழங்கியவர் தம் இரகசியத் திறவுகோலால் அதில் முத்திரை இட்டிருப்பார். அதைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோலை நீங்கள் மேகச் சேவையிடம் முன்பே கொடுத்து வைத்திருப்பீர்கள். முத்திரை பொருந்தாவிட்டால் காவலாளியை எழுப்பாமலே திருப்பி அனுப்பிவிடலாம். இதில் பாதுகாப்போடு காசும் அடங்கியிருக்கிறது. காவலாளி என்பது நீங்கள் எழுதிய ஒரு சிறு நிரல். அது ஓடும் ஒவ்வொரு முறைக்கும் மேக நிறுவனம் கட்டணம் வாங்கும். முத்திரைச் சோதனையை அணைத்துவிட்டால், யாரோ ஒருவர் இரவு முழுக்கப் பொய்ச் சீட்டுகளை நீட்டிக்கொண்டே இருந்து உங்கள் கட்டணத்தை ஏற்றிவிட முடியும்.

மூன்றாவது, காவலாளி விழிக்கிறார். சீட்டில் உள்ள பெயரை உங்கள் பட்டியலில் தேடுகிறார். இந்தக் கருவி இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா, சீட்டின் காலம் முடிந்துவிட்டதா, சொல்லும் பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்கிறார்.

நான்காவது, அவர் தரும் பதில். அது வெறும் "ஆம்", "இல்லை" அன்று. அதில் ஐந்து பகுதிகள் உண்டு. அடையாளம் உறுதியானதா, வந்திருப்பது யார், அவர் என்னென்ன செய்யலாம், அதிகபட்சம் எவ்வளவு நேரம் இணைந்திருக்கலாம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை காவலாளியிடம் மறுபடி கேட்க வேண்டும். மரக்கதவு, இரும்புக் கதவு இரண்டின் கேள்விகளும் இங்கே சேர்ந்திருக்கின்றன. அவற்றோடு காலக்கெடுவும் சேர்ந்துகொள்கிறது.

அதன்பின் கருவி அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் அஞ்சலகம் அந்த அனுமதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் சொல்லாத எதுவும் தடைசெய்யப்பட்டதே.

ஒரு நட்சத்திரக் குறி

அனுமதிப் பட்டியலை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள்.

அம்மாவின் கதவு உணர்கருவிக்கு என்னதான் தேவை? "வீடு 12 கதவு" என்ற பெயரில் மட்டும் இணைய வேண்டும். "கிளமெண்டி / வீடு 12 / கதவு" என்ற ஒரே விலாசத்தில் செய்தி போட வேண்டும். எதையும் படிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. கைப்பேசிக்கோ இதற்கு நேர்மாறு: அந்த விலாசத்தைப் படிக்கலாம், அதில் எழுதக்கூடாது.

ஆனால் சோதனை செய்யும் அவசரத்தில், விலாசத்தின் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுவார்கள். "எந்த விலாசமானாலும்" என்று அதற்குப் பொருள். எல்லாம் உடனே வேலை செய்யும். பிழைச்செய்தி எதுவும் வராது. வேலை செய்வதால் அப்படியே விட்டுவிடுவார்கள். இப்போது வீடு 12ன் கருவி வீடு 13ன் பெயரில் செய்தி போடலாம். ஒரே ஒரு கருவியைக் கழற்றி அதற்குள் இருக்கும் சீட்டை எடுத்தவர், அந்த நிறுவனத்தின் எல்லா வீடுகளையும் படிக்கலாம்.

கிளமெண்டியைச் சுற்றித்தான் எத்தனை கல்விக்கூடங்கள்! கிளமெண்டி ரோட்டில் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி, டோவரில் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி, கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். உங்கள் பிள்ளை அங்கே ஈஎஸ்பி32 சில்லை வைத்து ஏதாவது செய்துகொண்டிருந்தால் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: "உன் அனுமதிப் பட்டியலில் எங்கேயாவது நட்சத்திரம் இருக்கிறதா?"

பட்டியலைச் சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சரியான சீட்டோடு போனால் கதவு திறக்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். காலாவதியான சீட்டு, வேறொரு கருவியின் பெயர், பக்கத்து வீட்டு விலாசம், சீட்டே இல்லாமல் வருவது என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, கதவு மூடியே இருக்கிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி.

வேலையை விட்டுப் போனவர்

அம்மாவுக்குத் துணையாக ஒரு பராமரிப்பாளர் பகலில் வந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைப்பேசிக்கும் கதவுச் செய்தி போக வழி செய்திருந்தீர்கள். இன்றோடு அவர் வேலையை விட்டுப் போகிறார். இரவே அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறீர்கள். அந்த நொடியே அவருக்குச் செய்தி நின்றுவிடுமா?

அவசியமில்லை. காவலாளி கதவருகே இருப்பவர். ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவரை அவர் ஒவ்வொரு நிமிடமும் போய்ப் பார்ப்பதில்லை. முன்பு கொடுத்த அனுமதி நினைவில் வைக்கப்பட்டு, அடுத்த மறுசோதனை வரை செல்லும். அமேசான் சேவையில் இந்த இடைவெளியைக் குறைந்தது 300 விநாடி, அதாவது 5 நிமிடம் என்றும், அதிகபட்சம் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள் என்றும் வைக்கலாம். இணைப்பின் மொத்த ஆயுளுக்கும் இதே எல்லைகள்தான்.

ஒரு நாள் என்று வைத்தால் செலவு குறையும். விலக்கப்பட்டவர் ஒரு நாள் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். 5 நிமிடம் என்று வைத்தால் காவலாளி அடிக்கடி எழுவார், கட்டணம் கூடும். பூந்தொட்டியின் ஈரத்தைச் சொல்லும் கருவிக்கு ஒரு நாள் போதும். ஒரு மூதாட்டி வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும் கருவிக்கு 5 நிமிடமே பொருத்தம். இதை முடிவு செய்வது கணினி அன்று, அதை அமைப்பவர்.

சீட்டிலும் இதே கவனம் தேவை. முத்திரை, சீட்டு உண்மையானது என்று மட்டுமே சொல்லும். அதைத் திருடியவர் நீட்டினாலும் முத்திரை அப்படியேதான் இருக்கும். ஆகவே சீட்டுக்குள்ளேயே காலாவதி நேரமும் கருவியின் பெயரும் இருக்க வேண்டும். காவலாளி அவற்றைப் பார்க்க வேண்டும்.

காவலாளி மயங்கி விழுந்தால்

இதுவரை தவறானவர் உள்ளே வராமல் தடுப்பதைப் பேசினோம். சரியானவர் வெளியே நின்றுவிடுவதும் ஆபத்துதான்.

அம்மா இரவு 2 மணிக்கு அவசரப் பொத்தானை அழுத்துகிறார். அந்த நேரம் பார்த்து உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இருக்கும் கணினி பழுது. காவலாளிக்குப் பெயரைச் சரிபார்க்க முடியவில்லை. என்ன செய்ய வேண்டும்? யாரென்று தெரியாதவரைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுவதும் தவறு. அம்மாவின் அழைப்பைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதும் தவறு. இதற்கு விடையைக் காவலாளியின் நிரலில் மட்டும் தேடக்கூடாது. பொத்தான் இணையத்தை மட்டும் நம்பி இருக்காமல், அறைக்குள் ஒலி எழுப்ப வேண்டும். முடிந்தால் கைப்பேசிக் கட்டமைப்பு வழியாகவும் அழைக்க வேண்டும். இணையப் பூட்டு பொருத்திய கதவில் சாதாரணச் சாவித் துவாரமும் இருக்க வேண்டும்.

மின்தடையும் ஒரு சோதனை. விலை மலிந்த சில்லுகள் பலவற்றில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய்த் திரும்பியதும் அவை தேதி 1970 ஜனவரி 1 என்று எண்ணிக்கொண்டு கண் விழிக்கும். கணினிகள் பல, காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. 1970ல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் தொடங்கவே இல்லை. பாதுகாப்பான இணைப்பு அமையாது, கருவி மௌனமாகிவிடும். ஆகவே எழுந்தவுடன் இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்குவதே கருவியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ஒரு புளோக் முழுவதும் ஒரே நொடியில் மின்சாரம் திரும்பினால், நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். காவலாளி திணறுவார், பதில் வராததால் எல்லாம் மறுபடி ஒன்றாகத் தட்டும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு கருவியும் தனக்கென ஏதோ ஒரு கணக்கில் சில விநாடிகள் காத்திருந்து தட்ட வேண்டும். பதில் இல்லையென்றால் முன்பைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும்.

மேகமே கலைந்துபோவதும் உண்டு. கூகல் நிறுவனம் தன் பொருள்களின் இணையச் சேவையை 2023 ஆகஸ்ட் 16ஆம் தேதியோடு நிறுத்தியது. அதை நம்பிக் கருவி செய்தவர்கள் வேறு அஞ்சலகம் தேட வேண்டியதாயிற்று. யார் எதுவரை வரலாம் என்ற விதிகளைத் தங்கள் கையில் தனியாக வைத்திருப்பவர்களுக்கு இத்தகைய இடமாற்றம் அவ்வளவு கடினமாக இராது.

வாங்குபவர் நீங்கள் என்றால்

நீங்கள் கருவி செய்பவராக இல்லாமல், வாங்குபவராக மட்டும் இருக்கலாம். காவலாளியின் நிரலை நீங்கள் பார்க்க முடியாது. ஆனால் சிங்கப்பூரில் உங்களுக்கு ஓர் உதவி உண்டு.

2020 அக்டோபரில், வீட்டுக் கேமராக் காட்சிகள் பரவிய அதே மாதத்தில், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு கருவிகளுக்கான முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. மொத்தம் நான்கு நிலைகள். முதல் நிலைக்கே எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரே மறைச்சொல் இருக்கக்கூடாது, மென்பொருளைப் புதுப்பிக்க வழி இருக்க வேண்டும் என்ற விதிகள் உண்டு. இரண்டாவது நிலையில் கருவியை உருவாக்கும் முறையே பாதுகாப்பானதா என்று பார்க்கிறார்கள். மூன்றாவது நிலைக்கு மென்பொருள் ஆய்வு. நான்காவது நிலைக்கு, வெளி ஆய்வுக்கூடத்தில் வல்லுநர்கள் ஊடுருவிப் பார்க்கும் சோதனை. இங்கு விற்கப்படும் வீட்டு வைஃபை ரூட்டர்களுக்கு 2021 ஏப்ரலில் முதல் நிலையாவது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் பின்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளும் சிங்கப்பூரும் ஒருவர் முத்திரையை ஒருவர் ஏற்க உடன்பாடு செய்துகொண்டன.

இந்த வார இறுதியில் அம்மா வீட்டுக்குப் போனால் செய்ய வேண்டியவை சில.

கருவியின் பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா, எந்த நிலை என்று பாருங்கள். பெட்டியோடு வந்த மறைச்சொல் அப்படியே இருந்தால் மாற்றுங்கள். கைப்பேசிச் செயலியில் "பகிரப்பட்டவர்கள்" பட்டியலைத் திறந்து பாருங்கள். ஈராண்டுக்கு முன் வேலை செய்தவர், எப்போதோ உதவிக்கு வந்த உறவினர் பெயரெல்லாம் அதில் இருக்கலாம், தேவையில்லாதவற்றை நீக்குங்கள். நீக்கிய பின் ஒரு மணி நேரம் கழித்து, அந்தக் கணக்கிலிருந்து உண்மையிலேயே பார்க்க முடியவில்லையா என்று முடிந்தால் சோதியுங்கள். கேமராவையோ பூட்டையோ பிறருக்குக் கொடுப்பதானால், முதலில் உங்கள் கணக்கிலிருந்து அதை விலக்கி, பிறகு தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிக் கொடுங்கள். பழைய பொருளாக வாங்கினாலும் முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது விலகிவிட்டதா என்று கேளுங்கள். வைஃபையை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு அம்மாவின் அவசரப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, அம்மாவிடமும் ஒரு வார்த்தை. கதவில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி என்ன சொல்கிறது, யார் யாருக்குச் சொல்கிறது என்று அவருக்கு விளக்குங்கள். அவர் வீட்டுக் கதவு அது. யார் பார்க்கலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டியவர் முதலில் அவர்தான்.